தளபதி சூரப்பன் சமைத்த சட்டம்

ஒரு ஊர் இருந்ததாம். அந்த ஊருக்கு மேற்கே ஒரு ராஜா, கிழக்கே ஒரு ராஜா. மேற்கே இருந்தவர் மேலக்கோட்டை ராஜா, கிழக்கே இருந்தவர் கீழக்கோட்டை ராஜா. ரெண்டு பேருக்கும் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றதால் அந்த ஊருக்குப் பேரே குறுக்குப்பட்டி.

ரெண்டு ராஜாவுக்கும் வருஷா வருஷம் சண்டை. எதற்கு என்கிறீர்களா? ஒரு மேகத்துக்கு! ஆடி மாசம் ஒரு கருமேகம் மேற்கே இருந்து கிளம்பி, மேலக்கோட்டைக்கு மேலே அசைந்து அசைந்து வந்து, அங்கே ஒரு சொட்டுக்கூட விடாமல், நேரே கீழக்கோட்டைக்குப் போய்க் கொட்டு கொட்டு என்று கொட்டிவிடுமாம். "என் மேகத்தைத் திருடிட்டான்!" என்று மேலக்கோட்டையார் குதிப்பாராம். "அது தானா வந்துச்சு, நான் என்ன கயிறு கட்டியா இழுத்தேன்?" என்று கீழக்கோட்டையார் குதிப்பாராம். ஆவணி பிறந்ததும் ரெண்டு படையும் கிளம்பிவிடும்.

சண்டை ராஜாக்களுக்கு, மிதி குறுக்குப்பட்டிக்கு. மேலக்கோட்டைப் படை வரும்போது ஒரு மிதி மிதிக்கும். கீழக்கோட்டைப் படை வரும்போது ஒரு மிதி மிதிக்கும். சண்டை முடிந்து ரெண்டும் திரும்பும்போது இன்னொரு மிதி மிதிக்கும். கம்பங்கொல்லையில் குதிரை மேயும். அடுப்பில் கொதிக்கிற சோற்றை வேல்காரன் வழித்துத் தின்பான். எங்கேயோ விட்ட அம்பு யாருடைய கூரையிலோ வந்து குத்தி நிற்கும். ஊர்ச்சனம் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பாறைக் கரட்டின் மேலே ஏறி உட்கார்ந்து, தங்கள் வீடு இடிவதைத் தாங்களே பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த ஊரில் சீனியம்மா என்று ஒருத்தி இருந்தாள். வாய்த்துடுக்குக்காரி, ஆனால் கை சுத்தம், பணியாரம் சுட்டால் பத்து வீடு தள்ளி மூக்கு விரியும். போன வருஷச் சண்டையில் மேலக்கோட்டை யானை ஒன்று, முதுகு அரித்ததோ என்னவோ, அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்து சொறிந்துகொண்டது. யானைக்கு அரிப்புத் தீர்ந்தது. சுவர் விழுந்து அவள் புருஷன் தவசிக்குக் கால் முறிந்தது. அன்றையிலிருந்து அவன் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறான்.

இந்த வருஷம் அதைவிடப் பெரிய சங்கடம். அவள் மகள் செவந்தி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

"தலை இறங்கிருச்சு சீனி. எட்டு நாளோ பத்து நாளோ. இவளைக் கரடு ஏத்தினே, பிள்ளையும் மிஞ்சாது, தாயும் மிஞ்சமாட்டா."

"எட்டாம் நாள் ஆவணி பிறந்து சண்டையாச்சேக்கா!"

"அதை உன் மக வயித்துல இருக்கிறதுகிட்டச் சொல்லு. கேட்டா நல்லதுதான்."

தவசி கட்டிலில் கிடந்தபடியே, "கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்துக்குவோம்" என்றான்.

"எந்தக் கதவை? நம்ம ஓலைத் தட்டியவா? ஆட்டுக்குட்டி முட்டினாலே திறந்துக்கும்!"

"அப்போ என்னதான் செய்யச் சொல்றே?"

"நான் போய் ராஜாவைப் பார்த்துட்டு வாரேன். நீ மகளைப் பார்த்துக்கோ. அவ முகம் சுளிச்சா மருத்துவச்சியைக் கூப்பிடு. சும்மா சும்மா 'வலிக்குதா, வலிக்குதா'ன்னு கேட்டு உசிரை எடுக்காதே."

அப்புறம் என்ன செய்தாள்? ஒரு ராத்தல் வெல்லம் தட்டிப் போட்டுப் பணியாரம் சுட்டாள், ஓலைப் பெட்டியில் அடுக்கினாள், தலையில் வைத்துக்கொண்டு விறுவிறு என்று மேலக்கோட்டைக்கு நடந்தாள். காலையில் கிளம்பியவள் மறுநாள் காலையில் அரண்மனையில் நின்றாள்.

அந்த அரண்மனையில் ஒரு முறை உண்டு. ராஜாவுக்கு யார் எதைச் சமைத்துக் கொண்டுவந்தாலும், சமைத்தவர் கையாலேயே எடுத்து முதல் வாய் தின்று காட்டவேண்டும். தின்றவர் நூறு எண்ணும்வரை கீழே விழாமல் நின்றால்தான் ராஜா தொடுவார். ராஜாவோட முப்பாட்டனார் யாரோ கொடுத்த கூழைக் குடித்துவிட்டு மூணு நாள் கொல்லைப்பக்கமே குடியிருந்தாராம், அதிலிருந்து வந்த முறை.

சீனியம்மா ஒரு பணியாரத்தை எடுத்து வாயில் போட்டாள். சேவகன் எண்ண ஆரம்பித்தான். ராஜா சிம்மாசனத்து நுனியில் உட்கார்ந்துகொண்டு, "சீக்கிரம் எண்ணுடா, சீக்கிரம் எண்ணுடா" என்று எச்சில் விழுங்கினார். தொண்ணூறிலேயே கையை நீட்டிவிட்டார்.

மூணு பணியாரம் உள்ளே போனதும் ராஜாவுக்கு முகம் மலர்ந்தது. "என்னம்மா வேணும் உனக்கு?"

"மகராசா, சண்டை போடுங்க, வேண்டாங்கல. மேகம் உங்களுக்கு, மோதல் உங்களுக்கு. ஆனா எங்களை ஏன் மிதிக்கிறீங்க? வீட்டுல பிள்ளை பெறப்போற பொண்ணு கிடக்குறா, கால் உடைஞ்ச மனுசன் கிடக்குறான். ஒரு சட்டம் போடுங்க."

"போட்டாப் போச்சு! என்ன சட்டம்?"

"கையில ஆயுதம் இல்லாத ஆளை யாரும் தொடக்கூடாது."

"நல்ல சட்டம்! எழுதுங்கடா!"

அப்போது பக்கத்தில் நின்ற தளபதி சூரப்பன் தொண்டையைச் செருமினார். குறுக்குப்பட்டி வழியாகப் போனால்தான் அவருக்கு ஆதாயம். போன வருஷம் அவர் சண்டை முடிந்து திரும்பும்போது குதிரைச் சேணத்தில் இருபத்தேழு கோழி தொங்கியதாம். இருபத்தேழும் குறுக்குப்பட்டிக் கோழி.

"உத்தரவு ராஜா. ஆனா ஆயுதம்னா எதுன்னு தெளிவா எழுதணுமே? இல்லாட்டி நம்ம பயலுக குழம்பிருவானுக. கையில பிடிக்கிற பொருள் எதுவா இருந்தாலும் அது ஆயுதம். அருவாமனை ஆயுதம், உலக்கை ஆயுதம், தொடப்பமும் ஆயுதம்."

வாய் நிறையப் பணியாரம் இருந்ததால் ராஜா "ம்ம்ம்" என்றார். எழுதுகிறவன் எழுதிக்கொண்டான்.

சீனியம்மாவுக்குப் பகீர் என்றது. கையில் ஒன்றும் பிடிக்காத பொம்பளை எந்த வீட்டில் இருக்கிறாள்? சரி, போகட்டும் என்று இன்னொன்று கேட்டாள். "சாத்தின கதவைத் திறந்துக்கிட்டு யாரும் வீட்டுக்குள்ள போகக்கூடாது, மகராசா."

"அதுவும் நல்ல சட்டம்!"

"உத்தரவு ராஜா" என்றார் சூரப்பன். "ஆனா கதவுன்னா தேக்குல செஞ்சு, பித்தளைக் குமிழ் வெச்சிருந்தாத்தான் கதவு. ஓலைத் தட்டி, மூங்கில் படல் எல்லாம் கதவுக் கணக்குல சேராது."

"ம்ம்ம்" என்றார் ராஜா. அதையும் எழுதிக்கொண்டான்.

"சண்டைக்கு முன்னாடி முரசாவது அடிச்சுச் சொல்லுங்க, மகராசா. முடிஞ்சவங்க விலகிக்குவோம்."

"அருமையான சட்டம்!"

"உத்தரவு ராஜா. ஆனா முரசுச் சத்தம் எதிரி காதுல விழுந்துட்டா? அதனால முரசுக்குள்ள வைக்கோலைத் திணிச்சுட்டு அடிப்போம். அடிச்ச மாதிரியும் ஆச்சு, கேக்காத மாதிரியும் ஆச்சு."

"ம்ம்ம். கெட்டிக்காரன்யா நீ" என்று ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றினார்.

சீனியம்மா ஓலையைப் பார்த்தாள், மோதிரத்தைப் பார்த்தாள். அந்த மோதிரம் ஓலையில் அழுந்தினால் அவள் மகள் கதை முடிந்தது. கட்டிலில் படுத்திருப்பவள் கையில் ஒரு விசிறி இருந்தால் போதும், அதையும் ஆயுதம் என்று எழுதிவிட்டானே! இத்தனை தூரம் நடந்து வந்து, இருந்ததையும் கெடுத்துக்கொண்டோமே! பெட்டியில் மிச்சமிருந்த பணியாரத்தைப் பார்த்தாள். சட்டென்று மண்டையில் பொறி தட்டியது.

"மகராசா, ஒரு சந்தேகம். நான் சுட்ட பணியாரத்தை நானே தின்னு காட்டினேனில்ல?"

"ஆமா, முறையாச்சே!"

"இந்தச் சட்டத்தைச் சமைச்சது யாரு?"

"நம்ம சூரப்பன்தான்."

"அப்போ அவுகதானே முதல் வாய் தின்னு காட்டணும்?"

சூரப்பன் சிரித்தார். "சட்டம் என்ன பலகாரமா, தின்னு காட்டுறதுக்கு?"

"நீங்க தின்னமாட்டீங்கதான். ஊரு தின்னணும்ல? ஒரு கூழுக்கே உங்க அரண்மனை இத்தனை தலைமுறையாப் பயப்படுதே தளபதி ஐயா. இது எங்க ஊரே குடிக்கப்போற கூழு!"

ராஜா கொஞ்ச நேரம் யோசித்தார். அவருக்கு யோசிக்கிறது புதுசு, அதனால் நெற்றி வியர்த்துவிட்டது. அப்புறம் சொன்னார்: "அம்மா சொல்றது முறைதான். மொக்கையா! பத்து பேரைக் கூட்டிக்கோ. ரெண்டு நாளைக்குள்ள ஒரு நேரம் பார்த்துத் தளபதி வீட்டுல இந்தச் சட்டப்படி சண்டை போடு. எழுதினது எழுதினபடி. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

மொக்கையன் பத்து வீரர்களுக்குத் தலைவன். எழுதியதை எழுதியபடி செய்வதில் அவனுக்கு ஈடு கிடையாது. ஒருதடவை "நேராப் போ" என்று சொன்னதற்குக் குளத்துக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறியவன்.

சூரப்பனுக்குக் கவலையே இல்லை. "என் வீட்டுக் கதவு அசல் தேக்கு. பித்தளைக் குமிழ் பன்னெண்டு. எப்படியும் முரசு அடிச்சுட்டுத்தானே வரணும்? சத்தம் கேட்டதும் எல்லாரையும் வெறுங்கையா உக்காரச் சொல்லிருவேன்" என்று மீசையை முறுக்கிக்கொண்டு போனார்.

எந்த முரசு? அவர் வைக்கோல் திணிக்கச் சொன்ன அதே முரசு! மறந்தே போனார் பாருங்கள்.

மறுநாள் சனிக்கிழமை. தளபதி வீட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு வேப்பமரம். அதற்கடியில் ராஜா உட்கார்ந்திருந்தார், பணியாரப் பெட்டியோடுதான். பக்கத்தில் சீனியம்மா நின்றாள். முரசுக்காரன் தெருவில் வந்து அடித்தான். தொப்பு. தொப்பு. தொப்பு. தெருநாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மொக்கையன் தேக்குக் கதவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பக்கத்துச் சந்தில் புகுந்தான். கொல்லைப்புறத்தில் குளிக்கிற இடத்துக்கு ஓலைத் தட்டி. "தட்டி கதவுக் கணக்குல சேராது" என்று சட்ட ஓலையைப் பார்த்துச் சத்தமாக வாசித்துவிட்டு, படக்கென்று பிடுங்கி எறிந்தான்.

உள்ளே தளபதி. சனிக்கிழமையாச்சே, தலை முழுக்க எண்ணெய், உடம்பு முழுக்கச் சீயக்காய், கையில் சொம்பு.

"ஆயுதத்தைக் கீழே போடுங்க, தளபதி!"

"எதுடா ஆயுதம்? சொம்புடா இது!"

"கையில பிடிக்கிற பொருளுங்கய்யா."

"இதைப் போட்டா என் மானம் போயிரும்டா!"

கோவணம் கட்டித்தான் இருந்தார், நீங்கள் சிரிக்கவேண்டாம்.

வீரர்கள் அடுத்து அடுப்படிக்குள் புகுந்தார்கள். தளபதியோட மாமியார் பெரியநாச்சி பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். "அருவாமனை ஆயுதம்!" தளபதியோட பொண்டாட்டி நெல் குத்திக்கொண்டிருந்தாள். "உலக்கை ஆயுதம்!" வேலைக்காரி கூட்டிக்கொண்டிருந்தாள். "தொடப்பம் ஆயுதம்!"

"எவன்டா அது, அடுப்படிக்குள்ள செருப்புக் காலோட?" என்று பெரியநாச்சி எழுந்தாள். பாதிப் பூசணிக்காய் பறந்து வந்து ஒருத்தன் தலையில் தொப்பியாய் உட்கார்ந்தது.

"சட்டம் பாட்டி, சட்டம்!"

"எந்தக் கூறுகெட்டவன்டா போட்டான் இப்படி ஒரு சட்டம்?"

"உங்க மாப்பிள்ளைதான் பாட்டி!"

"மாப்பிள்ளே!" என்று அவள் ஒரு கத்துக் கத்தினாள். வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் பறந்துவிட்டன. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சீனியம்மாவும் சிரித்தாள்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் தெருவிலிருந்து தெரியும் முற்றத்து ஓரத்தில் தளபதியோட மகள் தங்கக்குட்டி மண்சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். நாலு வயசு. கையில் கொட்டாங்குச்சி அகப்பை. புதுசா வந்த மாமாக்களைப் பார்த்து, "சாப்பிட வாங்க" என்று அகப்பையை நீட்டினாள்.

ஒரு வீரன் வேலை ஓங்கினான். ஓங்கிய கையோடு மொக்கையனைத் திரும்பிப் பார்த்தான். மொக்கையன் ஓலையை மேலிருந்து கீழே பார்த்தான், கீழிருந்து மேலே பார்த்தான்.

"அண்ணே, கையில பிடிச்சிருக்கு... ஆனா இது சின்னப் பிள்ளைண்ணே."

"சட்டத்துல வயசு எழுதலையேடா" என்றான் மொக்கையன். "எழுதினது எழுதினபடின்னு உத்தரவுடா."

"வேலைத் தாழ்த்துடா!" என்று கத்திக்கொண்டு சீனியம்மா தெருவைத் தாண்டி ஓடினாள். அவளுக்கு முன்னாலேயே ஒரு ஆள் ஓடி வந்து பிள்ளைக்கும் வேலுக்கும் நடுவே விழுந்தார். எண்ணெயும் சீயக்காயும் வழிய, சொம்பை எங்கேயோ போட்டுவிட்டு, கோவணத்தோடு தளபதி சூரப்பன்.

"குழந்தைடா அது! வெறும் குழந்தைடா!"

சீனியம்மா மூச்சு வாங்க நின்றாள். "எங்க ஊர்லயும் அப்படித்தான் ஐயா கத்துவோம். உங்க யானைச் சத்தத்துல கேட்டிருக்காது."

சூரப்பன் மகளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தங்கக்குட்டி, "அப்பா மேல சீயக்கா நாத்தம்" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜா வந்து ஓலையை வாங்கி நாலாய்க் கிழித்தார். "சமைச்சவனுக்கே ஒத்துக்கலை. நீ சொல்லும்மா, வேற எழுதுவோம்."

"பெரிசா ஒண்ணும் வேண்டாம், மகராசா. சண்டைக்கு வந்தவனோட மட்டும் சண்டை போடுங்க. வந்தவனா வராதவனான்னு சந்தேகம் வந்தா, ஓங்கின கையை இறக்கிருங்க. கதவு தேக்கோ ஓலையோ, அது வீடு. பிள்ளைத்தாச்சி, சின்னப் பிள்ளை, சீக்காளி, வயசாளி இருக்கிற திசைக்கே போகாதீங்க. எதிராளியே ஆனாலும் வேலைக் கீழே போட்டுட்டான்னா அவனுக்குத் தண்ணி குடுங்க. அப்புறம் முரசு. அதுக்குள்ள இருக்கிற வைக்கோலை எடுத்து மாட்டுக்குப் போடுங்க, முதல்ல!"

ஓலை எழுதியாயிற்று. புதுச் சட்டத்தையும் தளபதி வீட்டிலேயே ஒருதடவை போட்டுப் பார்த்தார்கள். மொக்கையன் தட்டிக்கு வெளியே நின்று குரல் கொடுத்தான், ஒருத்தரும் அலறவில்லை. பெரியநாச்சி பத்துப் பேருக்கும் பூசணிக்காய்க் கூட்டும் சோறும் போட்டாள். நூறு எண்ணிப் பார்த்தார்கள், எல்லாரும் நன்றாகவே இருந்தார்கள். ராஜா முத்திரை வைத்தார்.

"எல்லாம் சரி. இதைக் கீழக்கோட்டையான்கிட்ட யார் போய்ச் சொல்றது? ஊர் ஊரா யார் முரசடிக்கிறது?" என்று ராஜா கேட்டார். எல்லாரும் சூரப்பனைப் பார்த்தார்கள். இருபத்தேழு கோழி பிடித்த கையில் முரசுக் குச்சியைக் கொடுத்தார்கள். இனிமேல் சண்டைக்குச் சண்டை படைக்கு ஒரு நாள் முன்னால், குதிரை இல்லாமல், கால்நடையாய், வீடு வீடாய் அவர்தான் போய்ச் சொல்லவேண்டும் என்று உத்தரவு. முதலில் கீழக்கோட்டைக்குப் போனார். கீழக்கோட்டை ராஜா முதலில் முறைத்தார். சூரப்பன் நடந்ததை மறைக்காமல் சொன்னார், கோவணம்வரைக்கும். கீழக்கோட்டை ராஜா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் உள்ளே எட்டித் தன் மாமியாரை ஒருதடவை பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் முத்திரை வைத்துவிட்டார்.

ஏழாம் நாள் குறுக்குப்பட்டியில் முரசு கேட்டது. டம் டம் டம்! "நாளைக்குச் சண்டை தாயீ! ஊருக்குக் கிழக்கே பொட்டல்ல! யாரும் அந்தப் பக்கம் வராதீங்க! நாங்களும் இந்தப் பக்கம் வரமாட்டோம்!" முதல் வீட்டில் ஒருத்தி அவர் முகத்தைப் பார்த்ததும் கோழிகளைக் கூடைக்குள் போட்டு மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். ரெண்டாம் வீட்டிலும் அப்படியே. மூணாம் வீட்டில் கோழியே அவரைப் பார்த்துவிட்டுத் தானாகக் கூடைக்குள் போய்விட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

எட்டாம் நாள் விடிந்து வெயில் ஏறும்போது செவந்திக்கு வலி எடுத்துவிட்டது. அதே நேரம் படையும் வந்தது. ஊரைச் சுற்றி முள்ளுக்காடு. ஊருக்குள்ளே போனால் கால் நாழிகை, சுற்றிப் போனால் ஒன்றரை நாழிகை. சூரப்பன் முன்னால் நின்று முள்ளை மிதித்து வழி பண்ண, யானை மணியில் எல்லாம் துணி சுற்றி, குதிரைக் குளம்பில் சாக்குக் கட்டி, வேல்காரர்கள் நுனிக்காலால் நடந்து, ஒரு படையே திருடப்போகிற பூனை மாதிரி குறுக்குப்பட்டியைச் சுற்றிப் போயிற்று.

வீட்டுக்குள்ளே மருத்துவச்சி, "முக்கு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றாள். சீனியம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தவசி வாசலில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, "வலிக்குதா? வலிக்குதா?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"குவா!"

முள்ளுக்காட்டில் போன படை அப்படியே நின்றுவிட்டது. மொக்கையன்தான் வாய்க்கு இருபுறமும் கையைக் குவித்து, "என்ன பிள்ளைய்யா?" என்று கேட்டான்.

"பொண்ணுடோய்!" என்று தவசி கத்தினான்.

பொண்ணாம் என்று வேல்காரன் வில்காரனுக்குச் சொன்னான். பொண்ணாம் என்று வில்காரன் குதிரைக்காரனுக்குச் சொன்னான். பொண்ணாம் என்று குதிரைக்காரன் கடைசி யானைப்பாகனுக்குச் சொன்னான். யானைப்பாகனுக்கு வாய் பெரிது. அவன் சொன்னது பொட்டலைத் தாண்டி அந்தப் பக்கம் அணிவகுத்து நின்ற கீழக்கோட்டைப் படைக்கே கேட்டுவிட்டது. அங்கிருந்து ஒரு குரல் வந்ததாம்:

"தாய் நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா!" என்று இங்கிருந்து மொத்தப் படையும் சொல்லிற்று.

"அப்போ சரி" என்றது அந்தக் குரல். அதற்கப்புறம்தான் சண்டையை ஆரம்பித்தார்களாம். அன்றைக்கு ஜெயித்தது யாரென்று குறுக்குப்பட்டியில் யாரும் கேட்கவில்லை. வேலை இருந்தது. பிள்ளைக்கு வெந்நீர் போடவேண்டாமா?

அடுத்தவர் வீட்டுக்குச் சட்டம் எழுதுகிறவர்கள், தங்கள் வீட்டு முற்றத்தில் யார் விளையாடுகிறார்கள் என்று ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டு எழுதவேண்டும். அவ்வளவுதான் கதை. சொன்ன எனக்குத் தொண்டை காய்ந்துபோயிற்று, கேட்ட உங்களுக்குக் காது நிறைந்துபோயிற்று. போய் ஆளுக்கொரு சொம்புத் தண்ணீர் கொண்டுவாருங்கள்.